கோட்டா இல்லாத யூசர்: ஆரக்கிள் டிபிஏ தேர்வுக்குப் படிக்கும் முறை

ஆரக்கிள் டேட்டாபேஸில் ஒரு புது யூசரை உருவாக்குகிறீர்கள். கிரியேட் செஷன், கிரியேட் டேபிள் இரண்டு உரிமைகளும் கொடுத்தாயிற்று. டேபிள்கள் சேமிக்கப்படும் டேபிள்ஸ்பேஸில் இவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்ற கோட்டா மட்டும் கொடுக்கவில்லை. அந்த யூசர் உள்ளே வந்து ஒரு டேபிளை உருவாக்கினால் என்ன நடக்கும்?

பிழை வரும் என்றுதான் படித்துவிட்டு வந்தவர்களில் பெரும்பாலோர் சொல்வார்கள். கோட்டா இல்லாமல் இடம் ஏது என்பது நியாயமான யோசனைதான். ஆனால் எண்டர்பிரைஸ் பதிப்பில் டேபிள் உருவாகிவிடும். 11ஜி இரண்டாம் வெளியீட்டிலிருந்து, முதல் வரிசை உள்ளே வரும்வரை டேபிளுக்கான செக்மென்ட் (டிஸ்கில் ஒதுக்கப்படும் இடம்) உருவாவதில்லை. ஆகவே கிரியேட் டேபிள் கட்டளைக்கு டிஸ்கில் இடமே தேவைப்படுவதில்லை. முதல் இன்சர்ட்டைக் கொடுக்கும்போதுதான் ஓஆர்ஏ-01950 என்ற பிழை வந்து தடுக்கும்.

தேர்வின் குணம் முழுக்க இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. ஆரக்கிள் டேட்டாபேஸ் 19சியை நிர்வகிக்கும் டிபிஏக்களுக்கு 1இசட்0-082, 1இசட்0-083 என்று இரண்டு தேர்வுகள். இரண்டிலும் தேறினால் ப்ரொஃபெஷனல் சான்றிதழ். பெயரையும் விளக்கத்தையும் நேராகக் கேட்கும் கேள்விகள் குறைவு. இந்த நிலையில் இந்தக் கட்டளையைக் கொடுத்தால் என்ன ஆகும், எது முதலில் நடக்கும், எங்கே போய் நிற்கும் என்பதையே சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள். அதனால் புத்தகத்தில் கோடு போட்டுப் படிப்பதைவிட, ஒரு டேட்டாபேஸை வேண்டுமென்றே கெடுத்துவிட்டுத் திரும்ப எழுப்பி நிறுத்தப் பழகுவதுதான் இதற்குச் சரியான படிப்பு. வேலையிலும் அதுதான் கைகொடுக்கும்.

முதலில் லேப்

கற்றுக்கொள்வதற்கான 19சி மென்பொருளை ஆரக்கிள் தளத்தில் ஒரு கணக்குத் திறந்து கட்டணமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். லினக்ஸுக்கான ஜிப் கோப்பு சுமார் 2.8 ஜிபி. மடிக்கணினியில் 16 ஜிபி ரேம் இருந்தால் போதும். விர்ச்சுவல்பாக்ஸில் ஆரக்கிள் லினக்ஸ் 7 அல்லது 8 நிறுவுங்கள். டேட்டாபேஸ் மட்டும் என்றால் விர்ச்சுவல் மெஷினுக்கு 4 ஜிபி ரேம் ஒதுக்கலாம்; கிரிட் இன்ஃப்ராஸ்ட்ரக்சரும் அதில் டிஸ்க்குகளை நிர்வகிக்கும் ஏஎஸ்எம்மும் சேர்த்துப் பழக 8 ஜிபி வேண்டும். 083 தேர்வின் பாடத்திட்டத்தில் தனி சர்வருக்கான கிரிட் நிறுவலும் இருப்பதால் முடிந்தால் 8 ஜிபியாகவே வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் 60 ஜிபி, ஏஎஸ்எம் பழக 10 ஜிபி அளவில் தனியாக மூன்று டிஸ்க். 2 முதல் 16 ஜிபி வரை ரேம் உள்ள மெஷினில் ஸ்வாப்பும் ரேம் அளவுக்கே இருக்க வேண்டும் என்பது ஆரக்கிளின் விதி. இதை மறந்தால் நிறுவலுக்கு முந்தைய சோதனையில் எச்சரிக்கை வரும்.

ஓஎஸ் தயாரானதும் ஆரக்கிள்-டேட்டாபேஸ்-ப்ரீஇன்ஸ்டால்-19சி என்ற தொகுப்பை லினக்ஸின் யம் கருவி வழியாகப் போடுங்கள். கெர்னல் அளவுருக்கள், ஆரக்கிள் யூசர், ஓஇன்ஸ்டால், டிபிஏ குழுக்கள் எல்லாவற்றையும் அதுவே அமைத்துவிடும். ஒரு முறையாவது அது மாற்றிய அளவுருக்களைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

நிறுவலில் மூன்று இடத்தில் தடுக்கும். முதலாவது, ஜிப் கோப்பை எங்கே பிரிக்கிறோம் என்பது. 18சியிலிருந்து பிரித்த இடமே ஆரக்கிள் ஹோம் ஆகிவிடும். பழைய பதிப்புகளில் பழகியவர்கள் டெம்ப் அடைவில் பிரித்துவிட்டு ரன்இன்ஸ்டாலரை ஓட்டுவார்கள். டெம்ப்பே ஹோம் ஆகிவிடும். முதலில் ஹோமுக்கான அடைவை உருவாக்கி, ஆரக்கிள் யூசராக அதற்குள் போய்ப் பிரிக்க வேண்டும். இரண்டாவது, ஆரக்கிள் லினக்ஸ் 8-இல் தொடங்கியவுடன் ஐஎன்எஸ்-08101 என்ற பிழை வரும். 19சியின் 19.3 பதிப்பு வெளியானபோது லினக்ஸ் 8 அதற்குத் தெரியாது என்பதுதான் காரணம். சிவி_அஸ்யூம்_டிஸ்ட்ஐடி என்ற சூழல் மாறிக்கு ஓஈஎல்7.6 என்று மதிப்புக் கொடுத்து எக்ஸ்போர்ட் செய்துவிட்டு மறுபடி ஓட்டினால் தாண்டிப் போகும். மூன்றாவது, ஈடிசி அடைவின் ஹோஸ்ட்ஸ் கோப்பு. மெஷினின் பெயருக்கும் ஐபி முகவரிக்கும் அதில் ஒரு வரி இல்லையென்றால் நிறுவல் முடிந்த பிறகு, இணைப்புக் கேட்டு வருபவர்களை ஏற்கும் லிசனர் எழாமல் தொல்லை கொடுக்கும்.

டேட்டாபேஸ் உருவாக்கும் கருவியான டிபிசிஏ வழியாக ஒரு கன்டெய்னர் டேட்டாபேஸும் (சிடிபி) அதன் உள்ளே தனி டேட்டாபேஸ்போல இருக்கும் ஒரு பிடிபியும் உருவாக்குங்கள். எச்ஆர் மாதிரி ஸ்கீமாவுக்கான ஸ்கிரிப்ட் ஆரக்கிள் ஹோமிலேயே டெமோ அடைவுக்குள் இருக்கிறது. அதைப் பிடிபிக்குள் ஓட்டுங்கள். சிடிபியின் பொதுப் பகுதியான ரூட்டில் அல்ல. பிறகு மாற்றங்களின் பதிவான ரீடூ லாக்குகளை நகலெடுத்து வைக்கும் ஆர்க்கைவ்லாக் முறைக்கு மாற்றி, அந்த நகல்களும் பேக்கப்புகளும் போய்ச் சேர ஃபாஸ்ட் ரெக்கவரி ஏரியா அமைத்து, பேக்கப் கருவியான ஆர்மேனில் முழு பேக்கப் ஒன்று எடுத்து, மெஷினை நிறுத்திவிட்டு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துவையுங்கள். பின்னால் செய்யப்போகும் எல்லா உடைப்புக்கும் இந்த ஸ்னாப்ஷாட்தான் துணை. ரெக்கவரி ஏரியா அமைக்கும்போதே ஒரு தேர்வுக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்: டிபி_ரெக்கவரி_ஃபைல்_டெஸ்ட்_சைஸ் என்ற அளவை முதலில் கொடுக்க வேண்டும், இடத்தைப் பிறகுதான் கொடுக்க முடியும். மாற்றிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாது.

நோமவுன்ட், மவுன்ட், ஓபன்

பாடத்திட்டத்தின் முதல் தலைப்பே ஆர்க்கிடெக்சர். படத்தைப் பார்த்து எஸ்ஜிஏ, பிஜிஏ என்று நினைவகப் பகுதிகளை ஒப்பிக்கப் பலருக்கும் வரும். ஆனால் கேள்வி வருவது டேட்டாபேஸ் தொடங்கும்போது கடக்கும் நிலைகளிலிருந்து. நோமவுன்ட்டில் அளவுருக் கோப்பு மட்டும் படிக்கப்படும், எஸ்ஜிஏ ஒதுக்கப்படும், பின்னணி ப்ராசஸ்கள் எழும். மவுன்ட்டில் கன்ட்ரோல் கோப்பு. ஓபனில் டேட்டா கோப்புகளும் ரீடூ லாக்குகளும். இதை மனத்தில் பதியவைக்க ஒரே வழி, ஒவ்வொரு கோப்பாகப் பெயர் மாற்றிவிட்டு ஸ்டார்ட்அப் கொடுத்து எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கன்ட்ரோல் கோப்பை நகர்த்தினால் ஓஆர்ஏ-00205 காட்டி நோமவுன்ட்டில் நிற்கும். டேட்டா கோப்பை நகர்த்தினால் மவுன்ட் வரை வந்து ஓஆர்ஏ-01157 காட்டும். அளவுருக் கோப்பான எஸ்பிஃபைலை நகர்த்தினால் எதுவரை போகும் என்பதை நீங்களே செய்து பாருங்கள். எஸ்ஐடி (இன்ஸ்டன்ஸின் பெயர்) உடைய எஸ்பிஃபைல், பெயரில்லாத எஸ்பிஃபைல், எஸ்ஐடி பெயருடைய இனிட் கோப்பு என்ற வரிசையில் அது தேடுவது அப்போது புரியும்.

அளவுரு மாற்றுவதில் ஸ்கோப் முக்கியம். மெமரி என்றால் இன்ஸ்டன்ஸ் (நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஆரக்கிள்) நிறுத்தப்படும்வரை. எஸ்பிஃபைல் என்றால் அடுத்த தொடக்கத்திலிருந்து. போத் என்றால் இரண்டும். ஓடும்போது மாற்ற முடியாத ஸ்டாட்டிக் அளவுருவுக்கு போத் கொடுத்தால் ஓஆர்ஏ-02095 வரும். எஸ்பிஃபைல் மட்டுமே செல்லும்.

பின்னணி ப்ராசஸ்களில், ரீடூ லாக்கை எழுதும் எல்ஜிடபிள்யூஆர் எப்போது எழுதும் என்பதைக் கணக்காகத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காமிட் நடக்கும்போது, மூன்று விநாடிக்கு ஒரு முறை, ரீடூ பஃபரில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 1 எம்பி நிறையும்போது, டேட்டா கோப்புகளில் எழுதும் டிபி ரைட்டர் அழுக்கான (மாற்றப்பட்டு இன்னும் டிஸ்குக்குப் போகாத) பஃபர்களை எழுதுவதற்கு முன்பு. காமிட் கொடுத்தவுடன் டேட்டா கோப்பில் எழுதப்பட்டுவிடும் என்ற தவறான நம்பிக்கையை வைத்து எத்தனை கேள்வி வேண்டுமானாலும் போடலாம். காமிட்டுக்கும் டிபி ரைட்டருக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

லிசனரில் மூன்று பிழை எண்களைப் பிரித்தறியத் தெரிந்தால் பாதி முடிந்தது. ஓஆர்ஏ-12154 என்றால் நீங்கள் கொடுத்த பெயரையே கிளையன்ட்டால் முகவரியாக மாற்ற முடியவில்லை. டிஎன்எஸ்நேம்ஸ் கோப்பைப் பார்க்க வேண்டும். 12541 என்றால் அந்த முகவரியில் லிசனரே இல்லை. 12514 என்றால் லிசனர் இருக்கிறது, ஆனால் கேட்ட சர்வீஸ் அதற்குத் தெரியவில்லை. கடைசிப் பிழை லேபில் அடிக்கடி வரும்: லிசனரை மறுபடி தொடங்கிய பிறகு எல்ரெக் ப்ராசஸ் வந்து சர்வீஸைப் பதிவு செய்ய ஒரு நிமிடம் வரை ஆகலாம். ஆல்டர் சிஸ்டம் ரெஜிஸ்டர் கொடுத்தால் உடனே பதிவாகும். லிசனரை நிறுத்தினால் ஏற்கெனவே இணைந்திருக்கும் செஷன்கள் அறுந்துபோகாது என்பதையும் இரண்டு விண்டோ திறந்து செய்து பாருங்கள். இணைப்பை ஏற்படுத்திக் கொடுப்பதோடு லிசனரின் வேலை முடிந்தது.

எஸ்க்யூஎல் பகுதியை இலகுவாக எண்ணாதீர்கள்

082 தேர்வில் நிர்வாகத்தோடு எஸ்க்யூஎல்லும் பெரிய பங்கு வகிக்கிறது. பல ஆண்டு டிபிஏவாக இருப்பவர்கள் மதிப்பெண்ணை இழக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தினமும் பேக்கப்பும் பேட்சும் பார்ப்பவர் செலக்ட் கட்டளையின் நுணுக்கங்களை மறந்திருப்பார்.

எச்ஆர் ஸ்கீமாவே போதுமான பயிற்சிக் களம். எம்ப்ளாயீஸ் டேபிளில் 107 வரிசைகள். டிபார்ட்மென்ட்ஸ் டேபிளோடு சாதாரண ஜாயின் போட்டால் 106தான் வரும். ஒருவருக்கு டிபார்ட்மென்ட் எண் இல்லை, அது நல் (மதிப்பே இல்லாத இடம்) என்பதுதான் காரணம். அந்த ஒரு வரிசையைத் திரும்பக் கொண்டுவர எந்த அவுட்டர் ஜாயின் வேண்டும், எந்தப் பக்கம் வேண்டும் என்று மாற்றி மாற்றி எழுதிப் பாருங்கள். அடுத்து, யாருக்கும் மேலாளராக இல்லாத ஊழியர்களைக் கண்டுபிடிக்க, எம்ப்ளாயி எண் மேனேஜர் எண்களின் பட்டியலில் இல்லை என்று நாட் இன் போட்டு ஒரு குவெரி எழுதுங்கள். ஒரு வரிசையும் வராது. தலைமைப் பொறுப்பில் இருப்பவருக்கு மேனேஜர் எண் நல். துணைக்குவெரியில் ஒரே ஒரு நல் இருந்தாலும் நாட் இன் முழுவதும் வெறுமையாகிவிடும். நாட் எக்சிஸ்ட்ஸ் போட்டால் சரியான விடை வரும். கமிஷன் சதவீதத்தின் சராசரி எடுத்தால் கமிஷன் பெறும் 35 பேரால்தான் வகுக்கும், 107 பேரால் அல்ல. எல்லோராலும் வகுக்க வேண்டுமென்றால் உள்ளே, நல் உள்ள இடத்தில் பூஜ்யம் வைக்கும் என்விஎல் வேண்டும். நல் தொடர்பான கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த மூன்று பயிற்சி போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம். யூனியன், இன்டர்செக்ட், மைனஸ் மூன்றுக்கும் 19சியில் சம முன்னுரிமை; அடைப்புக்குறி இல்லையென்றால் மேலிருந்து கீழாகவே கணக்கிடும். ஆர்டர் பை கடைசியில் ஒரு முறைதான் வரும். நெடுவரிசைப் பெயர் முதல் செலக்ட்டிலிருந்து எடுக்கப்படும். ஏறுவரிசையில் நல்கள் கடைசியில் நிற்கும். செலக்ட்டில் கொடுத்த மாற்றுப்பெயரை வேர் (WHERE) பகுதியில் பயன்படுத்த முடியாது, ஆர்டர் பையில் முடியும். சீக்வென்ஸில் அந்த செஷனில் நெக்ஸ்ட்வால் ஒரு முறையாவது எடுக்காமல் கர்ர்வால் கேட்டால் பிழை. டிடிஎல் கட்டளை (அமைப்பையோ உரிமையையோ மாற்றுவது) கொடுத்தால் அதற்கு முன்பிருந்த டிஎம்எல் (டேட்டாவை மாற்றுவது) தானாகக் காமிட் ஆகிவிடும். இந்தக் கடைசி விதி, ரோல்பேக் பற்றிய கேள்விகளில் ஐந்தாறு வரிக் கட்டளைகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். அதனால் அத்தகைய கேள்வியைப் பார்த்ததும் முதலில் கிரியேட், ட்ரங்கேட், கிராண்ட் எங்காவது இருக்கிறதா என்று கண்ணால் தேடிவிட்டுப் பிறகு படியுங்கள்.

உரிமையும் கன்டெய்னரும்

சிஸ்டம் உரிமையை வித் அட்மின் ஆப்ஷனோடு கொடுத்து, வாங்கியவர் மூன்றாமவருக்குக் கொடுத்து, பிறகு முதலாமவரிடமிருந்து நீங்கள் பறித்தால் மூன்றாமவரிடம் அந்த உரிமை அப்படியே இருக்கும். ஆப்ஜெக்ட் உரிமையை வித் கிராண்ட் ஆப்ஷனோடு கொடுத்திருந்தால் மூன்றாமவரிடமிருந்தும் போய்விடும். மூன்று யூசர் வைத்து பத்து நிமிடத்தில் இதைச் செய்து பார்க்கலாம். ஒரு முறை செய்தால் மறக்காது.

ஒரு சிடிபிக்குள் பல பிடிபி இருக்கும் மல்டிடெனன்ட்டில் பலரையும் ஏமாற்றும் ஒரு பொறி உண்டு. ரூட்டில் இருந்துகொண்டு சி## என்று தொடங்கும் பொது யூசரை உருவாக்கினால், கன்டெய்னர் என்று எதுவும் குறிப்பிடாவிட்டாலும் எல்லா பிடிபியிலும் அவர் உருவாகிவிடுவார். ஆனால் அதே இடத்தில் கிராண்ட் கொடுக்கும்போது கன்டெய்னர் குறிப்பிடாவிட்டால் அந்த உரிமை ரூட்டுக்கு மட்டும். அதனால் யூசர் இருப்பார், பிடிபிக்குள் நுழைய முயன்றால் கிரியேட் செஷன் உரிமை இல்லை என்று தள்ளும். கன்டெய்னர்=ஆல் என்று கிராண்டில் தனியாகச் சொல்ல வேண்டும்.

சிடிபியை நிறுத்தித் தொடங்கினால் பிடிபிக்கள் மவுன்ட் நிலையிலேயே நிற்கும். ஓபன் செய்தபின் சேவ் ஸ்டேட் கொடுத்துவைத்தால்தான் அடுத்த முறை தானாகத் திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பிடிபியை ரீட்-ரைட் நிலையிலேயே நகலெடுக்க லோக்கல் அன்டூவும் (மாற்றத்துக்கு முந்தைய மதிப்புகளைப் பிடிபிக்குள்ளேயே வைப்பது) ஆர்க்கைவ்லாக்கும் வேண்டும். இல்லையென்றால் மூலத்தை ரீட் ஒன்லிக்கு மாற்ற வேண்டும். லேபில் குறைந்தது நான்கு விதமாகப் பிடிபி உருவாக்கிப் பழகுங்கள்: சிடிபியிலேயே இருக்கும் மாதிரிப் பிடிபியான சீடிலிருந்து, உள்ளூர் நகல், இன்னொரு சிடிபியிலிருந்து டேட்டாபேஸ் லிங்க் வழியாக, அன்பிளக் செய்து பிளக் செய்வது. கூடுதல் உரிமக் கட்டணம் இல்லாமல் 19சியில் மூன்று பிடிபி வரை வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு கேள்விக்கு ஆகும்.

அன்டூவில் ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறோம். அன்டூ_ரிடென்ஷன் இயல்பாக 900 விநாடி. ஆனால் டேபிள்ஸ்பேஸ் நிலையான அளவில் இருந்தால் அந்த எண்ணை ஆரக்கிள் கண்டுகொள்ளாது. ரிடென்ஷன் கேரண்டி போட்டால் மட்டுமே கட்டுப்படும். அப்படிக் கட்டுப்படுத்தினால் ஓஆர்ஏ-01555 (பழைய மதிப்பு கிடைக்காமல் குவெரி தோற்கும் பிழை) குறையும், பதிலுக்கு இடமில்லாமல் டிஎம்எல் தோற்கலாம். எது கிடைத்தது, எதற்கு விலை கொடுத்தோம் என்று இரு பக்கமும் கேட்பார்கள்.

பேக்கப், ரெக்கவரி: 083-இன் உயிர்

படிக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து. தேர்வைவிட வேலைக்கு இது பெரிது. மற்ற எதையும் ஆவணம் பார்த்துச் செய்யலாம். டேட்டாபேஸ் விழுந்து கிடக்கும் நேரத்தில் கை தானாக நகர வேண்டும்.

பேக்கப் எடுக்கும் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஞாயிறு லெவல் 0 (முழுவதும்), மற்ற நாள்களில் லெவல் 1 (மாறிய பிளாக்குகள் மட்டும்). வியாழன் காலை, அன்றைய பேக்கப்புக்கு முன், கோப்பு போய்விட்டது. டிஃபரன்ஷியல் (முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியது) என்றால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கும் வேண்டும், மேலே ஆர்க்கைவ் லாக். க்யூமுலேட்டிவ் (லெவல் 0-க்குப் பின் மாறியது எல்லாம்) என்றால் ஞாயிறும் புதனும் போதும், மேலே ஆர்க்கைவ் லாக். ஒன்றும் குறிப்பிடாவிட்டால் டிஃபரன்ஷியல்தான் எடுபடும். சாதாரண முழு பேக்கப்பில் லெவல் 0-இல் இருக்கும் அதே பிளாக்குகள் இருந்தாலும், லெவல் 1-க்கு அது அடித்தளமாகாது. இதைத் தவறாக எழுதுபவர்கள் மிக அதிகம்.

அப்சொலீட், எக்ஸ்பயர்ட் இரண்டும் ஒன்றல்ல. முதலாவது, ரிடென்ஷன் கொள்கைப்படி இனி தேவையில்லாத பேக்கப். கோப்பு டிஸ்கில் பத்திரமாக இருக்கும். இரண்டாவது, பேக்கப் கோப்புகள் இருக்கின்றனவா என்று ஆர்மேன் சரிபார்க்கும் கிராஸ்செக் செய்தபோது டிஸ்கில் காணாமல் போயிருந்த பேக்கப். லேபில் ஒரு பேக்கப் பீஸை ஓஎஸ்ஸில் அழித்துவிட்டு, கிராஸ்செக்குக்கு முன்னும் பின்னும் லிஸ்ட் போட்டுப் பாருங்கள். முன்னால் அவெய்லபிள் என்றே காட்டும்.

இனி உடைப்புகள். ஒவ்வொன்றையும் ஸ்னாப்ஷாட்டிலிருந்து தொடங்கி, பார்க்காமல் செய்ய வரும்வரை திரும்பச் செய்யுங்கள்.

யூசர்ஸ் டேபிள்ஸ்பேஸின் டேட்டா கோப்பை லினக்ஸின் ஆர்எம் கட்டளை கொடுத்து அழியுங்கள். டேட்டாபேஸ் ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும், குவெரியும் விடை தரும். லேப் தவறிவிட்டது என்று இங்கே பலர் கைவிடுகிறார்கள். லினக்ஸில் ஒரு ப்ராசஸ் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால், அந்த ப்ராசஸ் மூடும்வரை கோப்பின் உள்ளடக்கம் உயிரோடிருக்கும்; போதாததற்கு பிளாக்குகள் பஃபர் கேஷிலும் இருக்கும். பஃபர் கேஷைக் காலி செய்துவிட்டு, புது செஷனில் இணைந்து கேளுங்கள்; ஓஆர்ஏ-01116 வந்துவிடும். சரிசெய்யும் வரிசை: அந்தக் கோப்பை ஆஃப்லைன், ரீஸ்டோர் (பேக்கப்பிலிருந்து திரும்ப வைப்பது), ரெக்கவர் (பின்னால் நடந்த மாற்றங்களை லாக்குகளிலிருந்து சேர்ப்பது), ஆன்லைன். மற்ற டேபிள்ஸ்பேஸ்களில் வேலை நடந்துகொண்டே இருக்கும். ரூட்டின் சிஸ்டம் அல்லது அன்டூ கோப்பு என்றால் அது முடியாது. இன்ஸ்டன்ஸை நிறுத்தி மவுன்ட்டுக்குக் கொண்டுவந்துதான் ரீஸ்டோர்.

இரண்டு கன்ட்ரோல் கோப்புகளில் ஒன்றை அழியுங்கள். இதற்கு ஆர்மேனே தேவையில்லை. இன்ஸ்டன்ஸ் நின்றிருக்கும்போது நல்ல கோப்பை மற்றதன் இடத்தில் நகலெடுத்துவிட்டுத் தொடங்கினால் போதும், ரீசெட்லாக்ஸும் (ரீடூ லாக்குகளைப் புதிதாகத் தொடங்கித் திறப்பது) வேண்டாம். பிறகு இரண்டையும் அழியுங்கள். இப்போது நோமவுன்ட், ஆட்டோபேக்கப்பிலிருந்து கன்ட்ரோல் கோப்பு ரீஸ்டோர், மவுன்ட், ரெக்கவர், கடைசியில் ஓபன் ரீசெட்லாக்ஸ். டேட்டா எதுவும் இழக்காவிட்டாலும் பேக்கப் கன்ட்ரோல் கோப்பைப் பயன்படுத்தியதால் ரீசெட்லாக்ஸ் கட்டாயம். முழு ரெக்கவரி என்றால் ரீசெட்லாக்ஸ் வராது என்று மனப்பாடம் செய்தவர்கள் இந்தக் கேள்வியில் சறுக்குவார்கள்.

எஸ்பிஃபைலையும் சேர்த்துத் தொலைத்துப் பாருங்கள். ஆர்மேனில் ஸ்டார்ட்அப் நோமவுன்ட் கொடுத்தால் அதுவே ஒரு தற்காலிக அளவுருக் கோப்பை வைத்து எழுப்பிக்கொள்ளும். அதன் பின் டேட்டாபேஸின் அடையாள எண்ணான டிபிஐடியைச் சொல்லி ஆட்டோபேக்கப்பிலிருந்து எஸ்பிஃபைலை மீட்கலாம். ஆகவே டிபிஐடி எண்ணை எப்போதும் சர்வருக்கு வெளியே எழுதிவைத்திருக்க வேண்டும். இது தேர்வுக்காகச் சொல்வது மட்டுமல்ல.

ரீடூ குழுவில் ஒரு மெம்பர் (ஒரே லாக்கின் நகல்களில் ஒன்று) போனால் நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால் தீர்ந்தது. இன்ஆக்டிவ் நிலையில் இருக்கும் முழுக் குழுவும் போனால் கிளியர் லாக்ஃபைல். ஆர்க்கைவ் ஆகாத குழு என்றால் அன்ஆர்க்கைவ்ட் என்ற சொல் சேரும். அதைக் கொடுத்ததும் உடனே முழு பேக்கப் எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய பேக்கப்பிலிருந்து அந்த இடத்தைத் தாண்டி வர முடியாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கரன்ட் குழு முழுவதும் போய் இன்ஸ்டன்ஸும் விழுந்தால் முழுமையற்ற ரெக்கவரிதான்.

ஃப்ளாஷ்பேக் எல்லாம் ஒரே பெயரில் இருப்பதால் குழப்பம் வரும். எது எதை நம்பி நிற்கிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ்பேக் குவெரியும் ஃப்ளாஷ்பேக் டேபிளும் அன்டூவை நம்புபவை. பின்னதற்கு ரோ மூவ்மென்ட் இயக்கியிருக்க வேண்டும். டிராப் செய்த டேபிளை எடுப்பது ரீசைக்கிள் பின்னிலிருந்து. ஃப்ளாஷ்பேக் டேட்டாபேஸுக்கு ஃப்ளாஷ்பேக் லாக்குகள் வேண்டும். டேபிளை ட்ரங்கேட் செய்துவிட்டால் முதல் மூன்றும் உதவாது. அப்போது ஆர்மேனின் ரெக்கவர் டேபிள் அல்லது முழு டேட்டாபேஸையும் பின்னுக்கு எடுப்பதுதான் வழி.

ரெக்கவரி ஏரியா நிறைந்தால் என்ன ஆகும் என்பதையும் செய்து பாருங்கள். அளவை வேண்டுமென்றே குறைத்து லாக் ஸ்விட்ச் அடித்துக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் புது இணைப்புகளுக்கு ஓஆர்ஏ-00257 வரும். வேலை அப்படியே உறையும். இந்த நேரத்தில் பதற்றத்தில் ஆர்க்கைவ் கோப்புகளை ஓஎஸ்ஸில் அழிப்பவர்கள் உண்டு. இடம் காலியானாலும் ஆரக்கிள் கணக்கில் அது குறையாது. ஆர்மேன் வழியாக அழிக்க வேண்டும், அல்லது அளவைக் கூட்டிவிட்டுப் பிறகு சுத்தம் செய்ய வேண்டும்.

டேட்டாவை ஏற்றுமதி, இறக்குமதி செய்யும் டேட்டா பம்ப்புக்கு ஒரு மாலை போதும். கோப்புகள் சர்வரில்தான் எழுதப்படும், கிளையன்ட்டில் அல்ல. அதனால் டைரக்டரி ஆப்ஜெக்ட் வேண்டும். இறக்குமதி செய்யும்போது டேபிள் ஏற்கெனவே இருந்தால் இயல்பாகத் தாண்டிப் போய்விடும். கன்ட்ரோல்-சி அடித்தால் வேலை நிற்காது, கட்டளைத் திரைக்கு வருவீர்கள், நிறுத்த கில்_ஜாப். பேட்ச், அப்கிரேட், ட்யூனிங் பகுதிகளை ஆவணத்தை ஒட்டிப் படித்துவிட்டு, ஒரு ரிலீஸ் அப்டேட்டை நீங்களே போட்டுப் பார்த்தால் ஓரளவு கைவசமாகும். ஓபேட்ச் பைனரியை மாற்றும், டேட்டாபேஸுக்குள் மாற்றங்களைக் கொண்டுபோவது டேட்டாபேட்ச் என்ற வேறுபாடு அதில்தான் தெளியும்.

கேள்விகளோடு பழகுவது

வாரத்துக்குப் பத்து மணி நேரம் கிடைத்தால் இரண்டு தேர்வுக்கும் சேர்த்து ஐந்து மாதம் வைத்துக்கொள்ளலாம். 082-ஐ எழுதி முடித்த பிறகு 083-க்கான பெரிய உடைப்புகளைத் தொடங்குங்கள். படிக்க ஆரக்கிளின் இலவச ஆவணங்களே முதன்மையாக இருக்கட்டும்.

விடையோடு சுற்றிவரும் டம்ப்களை நம்பாதீர்கள். தேர்வுக் கேள்விகளைப் பகிர்வது ஆரக்கிளின் விதிப்படி தவறு; சான்றிதழையே பறிக்கலாம். அதோடு அவற்றில் விடைகள் பல இடங்களில் தவறு. மேலே சொன்ன கோட்டா கேள்வி போன்றவற்றில், குறித்துவைத்த விடையை லேபில் ஓட்டிப் பார்த்தால் அது பொய்யாகிவிடும். பயிற்சிக் கேள்வி வாங்கினால் ஒவ்வொரு தவறான விருப்பத்துக்கும் ஏன் தவறு என்று விளக்கம் தரும் தொகுப்பாகப் பார்த்து வாங்குங்கள். தவறாகப் போன கேள்வியைக் குறிப்பேட்டில் விடையாக எழுதிவைக்காமல், அதை நிரூபிக்கும் நான்கு வரி ஸ்கிரிப்ட்டாக எழுதிச் சேமியுங்கள். ஒரு மாதத்தில் எழுபது எண்பது ஸ்கிரிப்ட் சேர்ந்துவிடும். திருப்பிப் பார்க்க அதைவிடச் சிறந்த நோட்ஸ் கிடைக்காது.

தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் கிடைக்கும். இரண்டைத் தேர்ந்தெடு, மூன்றைத் தேர்ந்தெடு என்று வரும் கேள்விகளில் எல்லாம் சரியாக இருந்தால்தான் மதிப்பெண். ஒன்று தவறினாலும் முழுவதும் போகும். ஆகவே அவற்றில் உறுதியாகத் தவறு என்று தெரிந்தவற்றை முதலில் கழித்துவிடுங்கள். எப்போதும், எந்த நிலையிலும், தானாகவே போன்ற சொற்கள் உள்ள விருப்பங்களை இரண்டு முறை படியுங்கள். நீண்ட எக்ஸிபிட் உள்ள கேள்விகளைக் குறியிட்டு ஒத்திவைத்து, முதல் சுற்றை எண்பது நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

பதிவு செய்யும்போது கொடுக்கும் பெயர் அடையாள அட்டையில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். நம் ஊரில் இனிஷியல் முன்னும் பின்னும் மாறிவருவதால் இதில் சிக்கல் வரும்; தேதி குறிப்பதற்கு முன்பே கணக்கில் பெயரைச் சரிசெய்யுங்கள். வீட்டிலிருந்து எழுதுவதாக இருந்தால் மேசையில் காகிதம், போன், இரண்டாவது திரை எதுவும் இருக்கக்கூடாது. மின்தடை வரும் ஊர் என்றால் யுபிஎஸ்ஸும் போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றும் ஏற்பாடும் முன்கூட்டியே சோதித்து வையுங்கள்.

083-க்கு முந்தைய நாள் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். ஸ்னாப்ஷாட்டைத் திறந்து, எஸ்பிஃபைல், எல்லா கன்ட்ரோல் கோப்புகள், எல்லா டேட்டா கோப்புகள் மூன்றையும் அழித்துவிட்டு, பேக்கப்பும் டிபிஐடியும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு டேட்டாபேஸைத் திறக்கும் வரை கொண்டுவாருங்கள். எச்ஆர் யூசராக நுழைந்து எம்ப்ளாயீஸில் எத்தனை வரிசை என்று எண்ணுங்கள். 107 வந்தால் மெஷினை நிறுத்திவிட்டுத் தூங்கப் போகலாம்.